ஏ.டி.வி. வண்டியும் இன்ஷூரன்ஸும்: விபத்து நடந்தால் யார் பணம் தருவார்கள்?

விடுமுறை நாளென்றால் முன்பெல்லாம் நம் குடும்பங்களுக்குக் கப்பன் பார்க், லால்பாக், மிஞ்சிப் போனால் நந்தி மலை. இப்போது பிள்ளைகள் கனகபுரா ரோடு, ராமநகரம், ஏலகிரி என்று ரிசார்ட்டுகளுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். அங்கே மண் தரையில் வளைத்து வளைத்துப் போட்ட ஒரு பாதை இருக்கிறது. அதில் நான்கு தடித்த டயர்களும், மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற கைப்பிடியும் கொண்ட ஒரு வண்டி ஓடுகிறது. ஏ.டி.வி. என்கிறார்கள், எந்தத் தரையிலும் ஓடக்கூடிய வண்டி என்று பொருள். பத்து நிமிஷ ஓட்டத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டணம். இன்னொரு பக்கம், சற்று வசதி வந்தவர்கள் தார், ஜிம்னி என்று நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளைச் சொந்தமாகவே வாங்குகிறார்கள்.

இரண்டிலும் ஏறி உட்காருகிறோம். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு நம் அன்பர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பதைச் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கண்டேன். ரயில்வேயில் வேலை பார்த்த காலம் முழுதும் விதிப் புத்தகத்தைப் பார்த்தே நடந்து பழகியவன் நான். ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தையும் இரண்டு மூன்று பாலிசிகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2-ஆம் பிரிவில் மோட்டார் வாகனம் எது என்று விளக்கம் இருக்கிறது. சாலையில் ஓடுவதற்கு ஏற்றபடி அமைந்த, இயந்திரத்தால் ஓடும் எந்த வண்டியும் அதில் அடங்கும். ஆனால் சில விலக்குகள் உண்டு. தண்டவாளத்தில் ஓடுபவை மோட்டார் வாகனம் அல்ல. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்பிடத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த விசேஷ வகை வண்டிகளும் அல்ல. நாங்கள் லைன் பார்க்கப் போகும் மோட்டார் டிராலிக்கு நான்கு சக்கரமும் உண்டு, பெட்ரோல் எஞ்சினும் உண்டு; ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம் அல்ல. ரிசார்ட்டின் ஏ.டி.வி.யும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஏ.டி.வி.க்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது. நம்பர் பிளேட் கிடையாது. வேலிக்குள்ளேயே சுற்றி வரவேண்டிய வண்டி அது.

கட்டாய இன்ஷூரன்ஸைப் பற்றிச் சொல்லும் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓட்டப்படும் மோட்டார் வாகனத்துக்கு மட்டுமே பொருந்தும். இந்தக் கட்டாயம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தெருவில் நடப்பவன் மேல் வண்டி மோதினால், மோதியவனிடம் பணம் இல்லை என்பதற்காக அடிபட்டவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். வேலிக்குள் ஓடும் வண்டிக்கு அந்தக் கட்டாயம் எட்டுவதில்லை. ஆகவே ரிசார்ட்டில் உங்கள் பிள்ளை ஓட்டும் ஏ.டி.வி.க்கு மோட்டார் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம். அப்படி இல்லாதிருப்பது சட்ட மீறலும் ஆகாது.

அதே வண்டியைக் கேட்டைத் தாண்டி ஊர்ச்சாலையில் ஓட்டினால் கதை வேறு. பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டிய குற்றம் வரும். இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு மட்டும் 196-ஆம் பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம்கூடப் பெரிதில்லை. அந்தச் சாலையில் ஒருவர் மேல் மோதிவிட்டால் நஷ்ட ஈடு முழுவதையும் கைப்பணத்திலிருந்தே கட்டவேண்டியிருக்கும். "ரிசார்ட் பையன் கூட வருகிறான், ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள்" என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வண்டி ஏன் அடிக்கடி கவிழ்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்குக் காரைப்போல் நான்கு சக்கரம். ஆகவே கவிழாது என்று தோன்றும். ஆனால் உயரத்துக்கும் எடைக்கும் தக்க அகலம் அதற்கு இல்லை. ஓட்டுபவர் குதிரையில் உட்காருவதுபோல் மேலே உட்காருவதால் பாரத்தின் மையம் இன்னும் மேலேறுகிறது. பல மாடல்களில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. காரில் உள்ளதுபோல் வளைவில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுழல வழியில்லை. ஆகவே ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் வளைக்க வேண்டும். அது தெரியாதவர் கைப்பிடியை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே போகும், அல்லது புரண்டு ஆளின் மேலேயே விழும். 1970-களில் முதலில் விற்பனைக்கு வந்தவை மூன்று சக்கர ஏ.டி.வி.க்கள். அவற்றால் ஏற்பட்ட விபத்துகள் தாங்காமல் 1988-இல் அமெரிக்க அரசும் தயாரிப்பாளர்களும் நீதிமன்றத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தினார்கள். 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களுக்கான ஏ.டி.வி.யை ஓட்டக்கூடாது என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் அறிவுரை. நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துத் தகப்பனார் ஓட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும் உட்காரச் செய்த வண்டியில் இரண்டாமவர் உட்கார்ந்தால் சாய்ந்து வளைக்கக்கூட இடமிருக்காது.

விபத்து என்று வந்துவிட்டால் பணம் வரக்கூடிய வழிகள் மூன்று.

முதலாவது ரிசார்ட். நல்ல நிர்வாகமாக இருந்தால் விருந்தினர்களுக்கு ஏற்படும் காயங்களுக்கென்று பொதுப் பொறுப்பு பாலிசி ஒன்று எடுத்திருப்பார்கள். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 1991-இல் வந்த பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம், போபால் விபத்துக்குப் பின் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்காக வந்தது. பெயரைப் பார்த்து இதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக்கூடாது. ஆகவே வண்டியில் ஏறுவதற்கு முன் கவுண்ட்டரிலேயே கேட்டுவிட வேண்டும்: "விருந்தினருக்கு அடிபட்டால் உங்களிடம் என்ன பாலிசி இருக்கிறது? ஒருவருக்கு எவ்வளவு தொகை வரை?" பதில் சொல்லத் தடுமாறினால், இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கேட்பது அநாகரிகம் என்று நம் பெண்கள் சங்கடப்படுகிறார்கள். பணம் கட்டி ஏறுகிறோம். கேட்பதில் தவறே இல்லை.

கவுண்ட்டரில் ஒரு தாள் தந்து கையெழுத்துக் கேட்பார்கள். எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டபின் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. ஹெல்மெட் தராதது, பிரேக் பழுதான வண்டியைக் கொடுத்தது, பழக்கிவிட ஆள் வைக்காதது போன்றவை சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நுகர்வோருக்கு ஒருதலைப்பட்சமாகப் பாதகம் செய்யும் ஒப்பந்தம் நியாயமற்றது என்ற பிரிவே உண்டு. ஆனால் வழக்கு என்பது வருஷக் கணக்கில் இழுக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் பில்லை அன்றைக்கே நீட்டுவார்கள்.

இரண்டாவது, உங்களுடைய மெடிக்ளெய்ம் பாலிசி. சிவாஜிநகரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கல்லூரியில் படிக்கும் பையனுக்கு இப்படி ஏ.டி.வி. கவிழ்ந்து தோள்பட்டைக்கு முன்னால் உள்ள காரை எலும்பு முறிந்தது. ரிசார்ட்டில் அவன் கையெழுத்திட்ட தாளைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். சாகச விளையாட்டில் அடிபட்டால் மெடிக்ளெய்ம் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, தகப்பனார் அதைக் கேட்கவே இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்து ஆபரேஷன் செலவைக் கட்டினார். பிறகு பாலிசியை எடுத்துப் படித்துப் பார்த்தோம். 2019-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளின் மருத்துவ பாலிசிக்கும் ஒரே மாதிரியாக வகுத்துக் கொடுத்த விலக்கு வாசகம் அதில் இருந்தது. சாகச விளையாட்டில் தொழில்முறையில் ஈடுபடுபவருக்கு ஏற்படும் காயத்துக்குத்தான் அந்த விலக்கு. விடுமுறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஓட்டிய பையன் தொழில்முறை வீரன் அல்ல. பில்களையும் எக்ஸ்ரேக்களையும் சேர்த்து விண்ணப்பித்தார், பெரும்பகுதி கிடைத்தது. அந்த ஒரு சொல் இருப்பதைத் தெரிந்து வைத்திருந்தால் வளையல் வீட்டை விட்டுப் போயிருக்காது.

மூன்றாவது, தனிநபர் விபத்து பாலிசி. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ஒரு மொத்தத் தொகை தருவது இது. இதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பல கம்பெனிகள் இதில் சாகச விளையாட்டைப் பொதுவாகவே விலக்கி வைக்கின்றன; தொழில்முறையா, பொழுதுபோக்கா என்று பார்ப்பதில்லை. விலக்குகள் என்ற தலைப்பின் கீழே இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் தோட்டம், குடகில் காப்பித் தோட்டம் என்று வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் ஏ.டி.வி.யைச் சொந்தமாகவே வாங்க எண்ணுகிறார்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதானால் மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. திருட்டு, தீ, சேதம் இவற்றுக்கு, இயந்திரங்களுக்கும் உபகரணங்களுக்கும் எடுப்பதுபோல் ஒரு சொத்து பாலிசி எடுக்க முடியுமா என்று கம்பெனியிடம் கேட்கலாம். வேலையாள் ஓட்டுவதானால் அவருக்கு அடிபட்டால் நஷ்ட ஈடு தரும் பொறுப்பு உங்களுடையது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக வேண்டும். சாலைக்கு வரும் எண்ணமிருந்தால் பதிவு செய்யத்தக்க மாடலாகவே வாங்க வேண்டும். 2019-இல் போலாரிஸ் கம்பெனி தன்னுடைய ஒரு ஏ.டி.வி.யை டிராக்டர் வகையில் அங்கீகாரம் பெற்று இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பதிவும் உண்டு, சட்டப்படியான இன்ஷூரன்ஸும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு நம் முறை விசித்திரமாக இருக்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த வகை வண்டிகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்துக்குள் ஓட்டுவது தவிர மற்ற இடங்களில் பதிவும் பொறுப்பு இன்ஷூரன்ஸும் கட்டாயம். அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நண்பரின் ஏ.டி.வி.யில் ஏறுமுன் இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இனி ஜீப் வகை வண்டிகள். இவை பதிவெண் உள்ளவை, சாலையில் ஓடுபவை. ஆகவே காருக்குரிய எல்லா விதியும் இவற்றுக்கு உண்டு.

பாலிசியை இரண்டு பாகமாகப் பார்க்க வேண்டும். ஒன்று மூன்றாம் நபர் பாகம், தேர்ட் பார்ட்டி. இது சட்டப்படி கட்டாயம். உங்கள் வண்டியால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதையும் கம்பெனி கட்டும், உச்சவரம்பு கிடையாது. பிறருடைய சொத்துச் சேதத்துக்கு மட்டும் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. இன்னொன்று சொந்தச் சேதப் பாகம், ஓன் டேமேஜ். இது உங்கள் வண்டிக்காக. இரண்டும் சேர்ந்ததைத்தான் காம்ப்ரிஹென்சிவ் அல்லது பேக்கேஜ் பாலிசி என்கிறார்கள்.

தேர்ட் பார்ட்டிக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதன்மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு. ஜிம்னியின் எஞ்சின் 1,462 சி.சி.; தாரின் பெரிய டீசல் எஞ்சின் 2,184 சி.சி. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே ஜாதி வண்டிகள்தான். ஆனால் ஒன்றுக்கு வரியோடு சேர்த்து 4,031 ரூபாய், மற்றதற்கு 9,318 ரூபாய். வண்டி வாங்கப் போகும்போது மைலேஜைக் கேட்பதுபோல் சி.சி.யையும் கேட்டுக்கொள்ளுங்கள். புது வண்டியானால் கார்களுக்கு மூன்று வருஷத்துக்கும் இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கும் தேர்ட் பார்ட்டித் தொகையை மொத்தமாகக் கட்டவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இந்த ஏற்பாடு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு அது.

சொந்தச் சேதப் பாகத்துக்கு அடிப்படை ஐ.டி.வி. என்ற தொகை. கம்பெனியின் விலைப்பட்டியலில் உள்ள விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து வருவது. ஆறு மாதம் வரை 5%, ஒரு வருஷம் வரை 15%, இரண்டு வருஷம் வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50%. 12 லட்சம் ரூபாய் வண்டிக்கு மூன்றாவது வருஷத்தில் ஐ.டி.வி. 8.40 லட்சம். திருட்டுப் போனாலும் அடியோடு நாசமானாலும் இதுதான் உச்சம். பழைய டாரிஃப் புத்தகப்படி பெங்களூரில் பதிவான, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஐ.டி.வி.யில் 3.447%. அந்தக் கணக்கில் சுமார் 28,955 ரூபாய் வரும். 2007-இல் டாரிஃபை எடுத்துவிட்டதால் கம்பெனிகள் இதில் தங்கள் இஷ்டப்படி தள்ளுபடி தருகின்றன. இங்கேதான் பேரம் பேச இடமிருக்கிறது. சில ஏஜெண்டுகள் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டு, பிரீமியம் மலிவு என்று காட்டுவார்கள். இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஐ.டி.வி. இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ் உண்டு: 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். இது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வண்டிக்குப் பயன்படும். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் போய்விடும்.

ஒரு சின்ன விபத்தை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன மூன்றாம் வருஷ வண்டி. பிளாஸ்டிக் பம்பர் 8,000 ரூபாய், இரும்பு ஃபெண்டர் 6,000, கண்ணாடி 7,000, கூலி 5,000, மொத்தம் 26,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி இவற்றுக்கு 50% கழிவு. ஆகவே பம்பருக்கு 4,000. இந்த வயதில் இரும்புக்கு 15% கழிவு, 5,100. கண்ணாடிக்குக் கழிவில்லை. கூலி முழுதும் உண்டு. கூட்டினால் 21,100, அதில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 2,000 போக, கைக்கு 19,100. மீதி 6,900 ரூபாய் உங்கள் பொறுப்பு. கிளெய்ம் செய்வதால் அடுத்த வருஷம் கிடைக்கவிருந்த 35% போனஸ் போகும். டாரிஃப் கணக்கில் அது சுமார் 8,700 ரூபாய். பிறகும் போனஸ் முதற்படியிலிருந்துதான் ஏறவேண்டும். 19,100 ரூபாய் என்றால் கிளெய்ம் செய்வது சரி. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் வேலைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியைத் தேடிப் போவது நஷ்டம்.

காட்டுப் பாதையில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டம் இவை விலக்கு. கிளப் ஒன்று நுழைவுக் கட்டணம் வாங்கி, நேரம் குறித்து, பரிசு கொடுத்து நடத்தும் ஓட்டத்தில் வண்டி உருண்டால் கம்பெனி கைவிரிக்கக்கூடும். வாடகைக்கு ஆள் ஏற்றினாலும் அப்படியே.

அடுத்தது தண்ணீர். ஓடையைக் கடக்கும்போது மட்டும் வருவதல்ல இது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் நின்றபோது எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் பார்த்தோம். வெள்ளத்தால் நேரே வந்த சேதத்துக்குப் பேக்கேஜ் பாலிசியில் பணம் உண்டு. ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தபின் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி சொல்லும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்களுடையது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்து, கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் சிவாஜிநகர் சம்பந்தப்பட்டது. பழைய வண்டிக்கும் உதிரிபாகத்துக்கும் ஊரெல்லாம் இங்கேதான் வருகிறது. பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் இரும்புக் கம்பி என்று பையன்கள் மாட்டிக்கொண்டு போகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புக் கம்பியை 2017-லேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. விபத்துக்குப் பின் சர்வேயர் வந்து பார்க்கும்போது இவைதான் முதலில் அவர் கண்ணில் படும்.

பழைய ஜீப்போ ஸ்கூட்டரோ வாங்குபவர்கள் ஆர்.சி.யை மாற்றிக்கொண்டு இன்ஷூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். 157-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வண்டி கைமாறியதுமே பாலிசியும் கைமாறியதாகக் கருதப்படுவது தேர்ட் பார்ட்டிக்கு மட்டுந்தான். சொந்தச் சேதத்துக்குப் பொருந்தாது என்று 1996-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் தீர்ப்பாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியோடு இங்கே குடிவந்தவர்கள் 12 மாதத்துக்குமேல் வைத்திருப்பதானால் 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். மறுபதிவுக்குப்பின் புது எண்ணைப் பாலிசியில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பெங்களூரும் சென்னையும் ஏ மண்டலம். வேலூர், கிருஷ்ணகிரி எல்லாம் பி மண்டலம். பிரீமியம் கொஞ்சம் வித்தியாசப்படும்.

கடைசியாக, வண்டிக்குள் இருப்பவர்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர் சட்டக் கட்டாய பாலிசியின் கீழ் வரமாட்டார் என்று 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேக்கேஜ் பாலிசியானால் வண்டியில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2012-இல் சொன்னது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய் மனைவி மக்களைத் திண்ணையில் விட்ட கதையாகிவிடக் கூடாது.

ஓட்டுபவர் நிலை இன்னும் மோசம். 2014-இல் நம் கர்நாடகத்தில் அரசீகெரெ செல்லும் சாலையில் ஒரு கார் உருண்டது. ஓட்டியவர் இறந்தார். கார் அவருடையதல்ல. மனைவி, மகன், பெற்றோர் 80 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்கள். அதிவேகமும் கவனக்குறைவும் அவருடையதே, வண்டியை வாங்கி ஓட்டியதால் அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று வழக்குத் தள்ளுபடியானது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. பதினோரு வருஷம் நடந்த வழக்கு அது.

இதற்குத்தான் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு என்று 15 லட்சம் ரூபாய்க்கு ஒன்று கட்டாயமாக இருக்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற உரிமையாளர் லைசென்ஸோடு ஓட்டும்போது மட்டுமே. மகன் பெயரில் உள்ள வண்டியைத் தகப்பனார் ஓட்டினால் அது உதவாது. வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் வண்டிப் பாலிசியில் இதை இரண்டாம் முறை வாங்கத் தேவையில்லை. பாலிசி எண்ணைக் காட்டினால் போதும்.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். பெங்களூர் அலுவலகம் ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். பாலிசியின் நகல், மறுப்புக் கடிதம், பில்கள் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.